பன்னிரண்டு மீட்டர் நாற்பது

மணி மூன்று. டேப்பை இறக்குகிறேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நுனி தண்ணீரைத் தொட்டதும் கூவிவிட்டது. பன்னிரண்டு மீட்டர் எழுபத்தொன்று. எழுதியாயிற்று. விடியற்காலையில் மோட்டார் போடுவதற்கு முன் இந்த ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்த இடம் பன்னிரண்டு மீட்டர் நாற்பது. ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை விடாமல் இறைத்ததில் முப்பத்தொன்று எண்பத்தைந்துக்கு இறங்கிப்போனது. மோட்டாரை நிறுத்தியதிலிருந்து ஏறிக்கொண்டே வருகிறது. இறைத்தது ஆறு மணி நேரம், அதனால் ஏறவும் ஆறு மணி நேரம் கொடுக்க வேண்டும், ஐந்து மணிக்குள் பழைய இடத்துக்கு வர வேண்டும். இன்னும் முப்பத்தொரு சென்டிமீட்டர் பாக்கி. வந்துவிட்டால் கீழே பாறை வெடிப்புகளில் எங்கிருந்தோ தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள், தொட்டமாதனஅள்ளியின் நூற்றெண்பது வீட்டுக்கும் இந்தத் தண்ணீரையே கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பாதியில் நின்றுவிட்டால், பாறைப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்ததைத்தான் இத்தனை நேரம் இறைத்திருக்கிறோம், நாலே மாதத்தில் வறண்டுவிடும், தொட்டி கட்டாதீர்கள், குழாய் போடாதீர்கள் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் இந்த ஊர் பழைய கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். அதில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இரண்டு மடங்கு. குடித்துக் குடித்துப் பல் பழுப்பேறி, நாற்பது வயதுக்குள் முட்டி மடங்காமல் போகும். இந்தப் புதுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்தாயிற்று, தங்கமான தண்ணீர். ஆனால் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் காலையிலிருந்து இந்தக் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புங்க மரத்து நிழல், வயிற்றில் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். மாதப்பன் வீட்டிலிருந்து வந்தது. இரண்டு உருண்டை போதும் என்றேன், அவர் மனைவி மூன்று வைத்து அனுப்பியிருந்தாள், மூன்றையும் சாப்பிட்டேன். மதுரைக்காரிக்குக் களி இறங்காது என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்துக்கு நிலவியலாளராக மாற்றலாகி வந்தபோது அலுவலகத்தில் கேலி செய்தார்கள். இப்போது இட்லிதான் சோம்பலாகத் தோன்றுகிறது. அங்கயற்கண்ணி என்ற என் பெயர்தான் இந்தப் பக்கம் யாருக்கும் இறங்கவில்லை, எல்லாருக்கும் நான் மேடம். மாதப்பன் ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டர், காலையும் மாலையும் வால்வைத் திறந்து மூடுகிறவர், இன்றைக்கு எனக்கு டேப் சுற்றித் தருகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கும்போது கையை வாய்க்குக் குறுக்கே கொண்டுபோய்விடுகிறார். இந்த ஊரில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, வெட்கம் என்று முதலில் நினைத்தேன், பல்லை மறைக்கிறார்கள். தன் மகளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார், அறுபது படத்திலும் அந்தப் பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். ரொம்ப அடக்கமான பொண்ணு என்று சொல்ல வாயெடுத்து நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். மூன்று பத்து. டேப்பை இறக்கு. பன்னிரண்டு அறுபத்தெட்டு. மூன்று சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, சமர்த்து. இரும்புக் குழாயின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார் மாதப்பன். விடியற்காலையில் நான் வந்தபோதே இருந்தது, கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மாட்டுக் கொம்புக்கு அடித்த பெயின்ட் மீந்திருக்கும், புதுக் கிணற்றுக்கும் ஒரு அலங்காரம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது, கோட்டுக்கு நேராகப் பிடித்து எண்ணைப் படித்துவிடலாம்.

இந்த இடத்தைக் காட்டியது நான். கிழக்கிலிருந்து மேற்காக மண்ணுக்கடியில் ஒரு கருங்கல் சுவர் ஓடுகிறது, யாரும் கட்டாத சுவர், பல கோடி வருடத்துக்கு முன்னால் பாறை பிளந்து உள்ளே ஏறி இறுகிப்போனது, வடக்கேயிருந்து வெடிப்புகள் வழியாக வரும் தண்ணீரை அணைக்கட்டு மாதிரி தடுத்து நிறுத்தும். அந்தச் சுவருக்கு வடபுறம் எண்பதடி தள்ளிப் போடுங்கள் என்றேன். மூன்று நாள் வெயிலில் கம்பிகளை நட்டு, மின்சாரம் விட்டு, வரைபடம் போட்டுக் கண்டுபிடித்த இடம். எனக்கு முன்னாலேயே வேப்பங்குச்சி வைத்துத் தண்ணீர் பார்க்கும் ஒரு பெரியவர் இதே இடத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தாராம். அதை மாதப்பன் சொன்னபோது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது, பத்தடி நகர்த்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. படித்த படிப்புக்கு என்ன ஒரு வீம்பு. நகர்த்தவில்லை. துளையிடும்போது நூற்றிருபதடியில் பாறைத்தூள் வெளுப்பிலிருந்து சாம்பலாக மாறியது, நூற்று நாற்பதில் தூள் நனைந்து வந்தது, நூற்றைம்பதில் தண்ணீர் குழாய்க்கு மேலே ஆளுயரத்துக்கு எழும்பியது, ஊர்ப் பெண்கள் நனைந்துகொண்டே நின்றார்கள், நானும் நனைந்தேன். கரடிமடுவிலும் இப்படித்தான் எழும்பியது. கரடிமடுவிலும் நனைந்தேன். ஏன் இப்போது அதை நினைக்க வேண்டும், களி தூக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கலாம், கரடிமடுவில் கொண்டுபோய் விடுகிறது.

கரடிமடுவு இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கேயும் இதே சோதனை, இதே டேப். அந்தக் கிணற்றில் டேப் மோட்டார் வயரில் சிக்கிக்கொள்ளும் என்று பக்கத்திலேயே அளப்பதற்காக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாயை இறக்கியிருந்தோம். அதன் வாய் இரும்புக் குழாய்க்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் வெள்ளைக் குழாயின் வாயில் வைத்து அளந்தேன், ஒன்பது மீட்டர் இருபது. மத்தியான வெயிலில் குழாய் இளகி வளைந்து டேப் உள்ளே போக மறுத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு டேப்பை இரும்புக் குழாய்க்குள்ளேயே நேராக இறக்கினேன், இரும்பு விளிம்பில் வைத்துப் படித்தேன். சாயங்காலம் ஒன்பது இருபத்தொன்று. ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் பாக்கி, அருமையான கிணறு, வாழ்க. அளக்கும் இடம் இரண்டடி கீழே வந்துவிட்டதே, அந்த இரண்டடியைக் கூட்டினால் தண்ணீர் அறுபது சென்டிமீட்டர் ஏறாமலே நின்றிருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று பட்டினி, தலைவலி, ஜீப்புக்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் டேப் சுற்றினார். அவர்கூட ஏதோ கேட்க வந்தார், சீக்கிரம் சுத்துங்க, நேரமாச்சு என்றேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. தொட்டி கட்டினார்கள், தெருத்தெருவாகக் குழாய் போட்டார்கள், திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள், சந்தன மாலை போட்டார்கள். மூன்றாம் மாதம் குழாயில் காற்று வந்தது. மழை பொய்த்ததால் வறண்டது என்று கோப்பில் எழுதினார்கள், எழுதியதை நானும் படித்தேன். அதற்கப்புறம் ஒருநாள் செல்போனில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது கரடிமடுவில் எடுத்த ஒரு படம் வந்தது. இரும்புக் குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் குழாய். பார்த்த உடனே பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கே வைத்து அளக்கப்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு, எந்தப் படிவத்திலும் யாரும் நிரப்பாத கட்டம், நானும் நிரப்பவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன, தண்ணீர் வந்துவிடுமா என்று என்னையே கேட்டுக்கொண்டு, அந்தக் கேள்வியையே பதிலாக வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். இன்றுவரை அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு நினைப்புதான் ஆறுதலாகவும் இருக்கிறது, முள்ளாகவும் இருக்கிறது.

மூன்று இருபது. பன்னிரண்டு அறுபத்தைந்து. நல்லது. மூன்று முப்பது. பன்னிரண்டு அறுபத்தைந்து. இருக்கட்டும், சில நேரம் டேப் நுனியில் ஈரம் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தொடுவதற்கு முன்பே கூவிவிடும். துடைத்து மறுபடி இறக்குகிறேன். அறுபத்தைந்து. நாற்காலியில் சாய்ந்து புங்க இலைகளைப் பார்க்கிறேன், ஒவ்வொரு இலையிலும் பூச்சி வரைந்த வெள்ளைக் கோடு, சமஉயரக் கோட்டு வரைபடம்போல நெளிந்து நெளிந்து. எறும்பு ஒன்று சிவப்புக் கோட்டைச் சுற்றி வருகிறது, கோட்டைத் தாண்டாமல் சுற்றுகிறது, பெயின்ட் வாசனை பிடிக்கவில்லையோ என்னவோ. மூன்று நாற்பது. பன்னிரண்டு அறுபத்தாறு. இது எப்படி. ஏறுகிற தண்ணீர் இறங்காதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை. அறுபத்தாறு. இருபத்தாறு சென்டிமீட்டர் பாக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டதா. அப்படியானால் பள்ளம்தான், தேங்கின தண்ணீர்தான், ஆளுயரத்துக்கு எழும்பியதெல்லாம் ஏமாற்று. கையெழுத்துப் போடாதே என்று ஒரு மனது சொல்கிறது, அதற்குத்தானே வந்தாய். போட்டுவிடு, இருபத்தாறு சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமா, ஒரு ஜாண் சொச்சம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று இன்னொரு மனது. கரடிமடுவில் அறுபது, இங்கே இருபத்தாறு, பரவாயில்லையே, முன்னேற்றம்தான். இந்தக் கேலி எனக்கே பிடிக்கவில்லை. நூற்றெண்பது வீடு. உதட்டை மூடிக்கொண்டு நிற்கும் கல்யாணப் பெண். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு முளைக்கப்போகும் பல். பொய் எழுத மாட்டேன், அது நிச்சயம், ஆனால் உண்மையை எழுதிவிட்டு இந்த மனிதர் முகத்தைப் பார்த்து எப்படி ஜீப்பில் ஏறுவது.

"மேடம், நிக்குதுங்களா?" என்கிறார் மாதப்பன். எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், மறைக்க முடியாது.

"நிக்குது. ஒரு சென்டி இறங்கியும் இருக்கு."

அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறார். நானும் கேட்கிறேன். காக்கை. தூரத்தில் எங்கோ பால் வண்டி. அதற்கும் அடியில், காலையிலிருந்து இல்லாத ஒரு சத்தம், ஒரே சீராக ர்ர்ர் என்று.

"மும்முனை கரண்டு வந்துருச்சிங்க. மூணேகாலுக்கு உடுவான். முனுசாமி கவுண்டர் கெணத்து மோட்டரு ஓடுது."

"எங்க இருக்கு அந்தக் கிணறு?"

"அந்தச் சோளக்காட்டுக்கு அந்தாண்டைங்க. எரநூறு மீட்டரு இருக்கும்."

வடக்குப் பக்கம். சுவருக்கு இந்தப் புறம். எழுந்துவிட்டேன், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மாதப்பன், போய் அதை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்ல முடியுமா?" அவர் ஏன் என்று கேட்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சோளத்துக்குள் இறங்கிவிட்டார். அவர் தலை தெரிகிறது, பிறகு சோளக் கதிர்கள் அசைவது மட்டும் தெரிகிறது. எனக்குச் சிரிப்பாக வருகிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒருவன் மோட்டார் போட்டால் இங்கே தண்ணீர் இறங்குகிறது. அப்படியானால் அந்தக் கிணறும் இந்தக் கிணறும் ஒரே வெடிப்பில் இருக்கின்றன. பள்ளமாவது ஒன்றாவது, இது நீளமான வழி, இங்கிருந்து சோளக்காட்டுக்கு அடியில் போய், கவுண்டர் கிணற்றைத் தொட்டு, அதற்கு மேலும் போய், வடக்கே தெரியும் கரட்டு மலையின் அடிவாரம் வரைக்கும் போகலாம். மூன்று நாள் கம்பி நட்டும் எனக்குச் சொல்லாத ஒரு சங்கதியை மின்வாரியம் மூன்றேகால் மணிக்கு ஸ்விட்சைப் போட்டுச் சொல்லிவிட்டது. அதற்குள் குதிக்காதே, அங்கயற்கண்ணி. மோட்டார் நிற்கட்டும், தண்ணீர் ஏறட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம். சந்தோஷம் சொன்னால் கேட்கிறதா. கல்லூரியில் முதல் வருடம் பாறையை உடைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வெளியே கறுப்பாகத் தெரிந்த கல்லுக்குள் மஞ்சளும் ஊதாவுமாக நிறங்கள் கொட்டிக் கிடந்தன, அன்றைக்கு வந்த அதே சந்தோஷம். முப்பது வருடமாக ஒரே இடத்தில் வந்து உட்காரும் சந்தோஷம். ர்ர்ர் என்ற சத்தம் நின்றது. எவ்வளவு பெரிய அமைதி.

நான்கு மணி. பன்னிரண்டு அறுபத்து நான்கு. நான்கு பத்து. அறுபது. ஏறுகிறது. மாதப்பன் திரும்பி வந்துவிட்டார், காலெல்லாம் சேறு, கையில் இரண்டு சோளக் கதிர், கவுண்டர் கொடுத்தாராம். கவுண்டர் முதலில் முறைத்தாராம், ஊர்த் தண்ணீருக்கு என்றதும் தானே போய் அணைத்தாராம். நான்கு இருபது, ஐம்பத்தாறு. நான்கு முப்பது, ஐம்பத்திரண்டு. டேப் கூவும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் எண்ணைச் சொல்கிறேன், அவர் உதட்டுக்குள் அதைத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். நிழல் நீண்டு சோளக்காட்டைத் தொட்டுவிட்டது. காற்றில் ஈர மண் வாசனை, காலையில் நாங்கள் இறைத்துவிட்ட தண்ணீர் இன்னும் வாய்க்காலில் மினுங்குகிறது. கீழே, கண்ணுக்குத் தெரியாத இருட்டில், யாரும் தள்ளாமல், ஒரு வெடிப்பிலிருந்து இன்னொரு வெடிப்புக்கு அது நகர்ந்து வருவதை நினைக்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதற்கு நேரம் கொடுத்தால் போதும், வந்துவிடும். நான்கு நாற்பது, நாற்பத்தெட்டு. நான்கு ஐம்பது, நாற்பத்தைந்து. ஐந்து மணி.

"பன்னிரண்டு நாற்பத்து மூணு," என்கிறேன்.

"இன்னும் மூணு சென்டி கொறையுதுங்களே."

"குறையட்டும். அந்த மூணையும் அப்படியே எழுதறேன். கவுண்டர் மோட்டார் ஓடினதையும் எழுதறேன். கிணறு நிக்கும் மாதப்பன். தொட்டி கட்டச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். கை வாய் வரைக்கும் போயிற்று, வழியில் துண்டை எடுத்துக்கொண்டு முகத்தையே துடைத்துக்கொண்டார். நான் குறிப்பேட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எங்கே வைத்து அளக்கப்பட்டது என்ற கட்டத்துக்கு வந்தேன். இரும்புக் குழாயின் விளிம்பு, சிவப்புக் கோடு, தரைக்கு மேல் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் என்று முதல் தடவையாக அந்தக் கட்டத்தை முழுசாக நிரப்பினேன். நிரப்பிய திருப்தியில் கேட்டேன், "கோடு அழகா இருக்கு. மாட்டுக் கொம்புக்கு வாங்குனதா?"

"இல்லீங்க மேடம், தொட்டிக்கு நம்பரு எழுத வாங்குனது." டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஒரே எடத்துல வச்சி அளக்கறதுக்கு ஒரு அடையாளம் இருக்கட்டும்னு நேத்து சாயந்தரம் போட்டேனுங்க."

பேனா நின்றுவிட்டது. "யார் சொன்னாங்க?"

"கரடிமடுவுல எங்க மச்சான் இருக்காருங்க. அங்க நீங்க அளந்தப்ப அவுருதான் டேப்பு சுத்துனாராம். காலையில வெள்ளப் பைப்பு மேல வச்சி அளந்தாங்க, பொழுதோட இரும்புப் பைப்புல வச்சி அளந்தாங்கன்னு சொல்லுவாரு." அவர் குரலில் குத்தல் இல்லை, வானிலை சொல்வதுபோல்தான் சொன்னார்.

கட்டம் போட்ட துண்டு. கேட்க வந்த வாய். சீக்கிரம் சுத்துங்க. எனக்கு மட்டும் தெரியும் என்று மூன்று வருடம் பூட்டி வைத்திருந்ததை அன்றைக்கே ஒருவர் எனக்கு முன்னால் பார்த்திருக்கிறார். மச்சான் வீட்டில் சாப்பிடும்போது பேசியிருக்கிறார்கள். எத்தனை வீட்டில் எத்தனை சாப்பாட்டில் பேசினார்களோ.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றேன்.

"படிச்சவங்க, அதுக்குன்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்கன்னு நெனச்சி உட்டுட்டாராம்ங்க."

குறிப்பேட்டை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். தூரத்தில் ஜீப் வரும் புழுதி தெரிகிறது. கரடிமடுவை நினைக்கும்போது வழக்கமாக வரும் அந்த இறுக்கம் இல்லை. பூட்டு உடைந்தபின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன். முப்பது வருடம் படித்து, அளந்து, நான் கோட்டைவிட்ட ஒரு கிணற்றை, படிக்காத ஒரு மனிதர் வெறும் கண்ணால் சரியாகப் பார்த்திருக்கிறார், என் படிப்பின்மேல் வைத்த மரியாதையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

"உங்க மச்சான் பேர் என்ன?"

"சித்தய்யனுங்க."

"நாளைக்குக் காலையில வீட்ல இருப்பாரா?"

"தண்ணிக்கிச் சைக்கிள்ல மூணு கிலோமீட்டரு போவாருங்க. ஏழரைக்கெல்லாம் வந்துருவாரு."

"எட்டு மணிக்கு நான் வரேன்னு போன் போட்டுச் சொல்லுங்க. அங்க மறுபடி முதல்லேர்ந்து இடம் பார்க்கணும், அவர் கூட இருக்கணும்."

மாதப்பன் போனை எடுத்தார், எண்ணைத் தேடினார், நிமிர்ந்தார். "இன்னா விசயம்னு கேப்பாருங்களே மேடம். இன்னான்னு சொல்லட்டும்?"

"அன்னிக்கு அவர் பார்த்ததுதான் சரின்னு சொல்லுங்க," என்றேன். "எங்கிட்ட ஒரு கணக்கும் இல்லைன்னு சொல்லுங்க."